ராபின் ஹாப் நாவல்கள்: அரண்மனை, மாயம், யாருக்கும் வேண்டாத ஒரு பையன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஃபேன்டஸி படிக்கிற நண்பர்கள் ராபின் ஹாப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கதையில் யார் சாகிறார்கள், யார் சிம்மாசனம் ஏறுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. முதல் நாவலில் நடப்பதைத் தாராளமாகவும் அதற்குப் பிந்தியவற்றைத் தொட்டும் தொடாமலும் பேசியிருக்கிறேன், அதனால் பயமில்லாமல் படிக்கலாம்.

யார் இந்த ராபின் ஹாப்?

அது புனைபெயர். சொந்தப் பெயர் மார்கரெட் ஆஸ்ட்ரிட் லிண்ட்ஹோம் ஆக்டன். 1952இல் கலிஃபோர்னியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அலாஸ்காவுக்குப் போய் அங்கே வளர்ந்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் கோடியாக் தீவில் வாழ்ந்தார். இவருடைய நாவல்களில் பனி, உப்புக்காற்று, ஓநாய், ஈரமான குதிரை லாயம் எல்லாம் ஏன் இவ்வளவு நிஜமாக இருக்கின்றன என்று கேட்டால் நான் அலாஸ்காவைத்தான் காட்டுவேன்.

1983இலிருந்து மேகன் லிண்ட்ஹோம் என்ற பெயரில் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். மதிப்பு இருந்தது, பெரிய விற்பனை இல்லை. 1995இல் ஆணா பெண்ணா என்று தெரியாத 'ராபின் ஹாப்' என்ற பெயரில் 'அஸாஸின்ஸ் அப்ரென்டிஸ்' வந்தது, அதோடு எல்லாமே மாறிப்போனது. பழைய பெயரை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை, அந்தப் பெயரிலும் சிறுகதைகள் எழுதியிருக்கிறார். 2021இல் வேர்ல்ட் ஃபேன்டஸி விருதுக்குழு இவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது.

கதைதான் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆறு சிற்றரசுகள் சேர்ந்த ஒரு ராஜ்யம், பெயர் சிக்ஸ் டச்சீஸ். பட்டத்து இளவரசன் ஷிவல்ரிக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் இருக்கிறான் என்பது, பையனுக்கு ஆறு வயதாகும்போது தெரிய வருகிறது. தாய்வழித் தாத்தா அவனை எல்லைப்புறக் கோட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இத்தனை வருஷம் நாங்கள் சோறு போட்டது போதும், இனி அப்பன் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறார். இளவரசன் பட்டத்து உரிமையைத் துறந்துவிட்டு மனைவியோடு ஒதுங்கிப்போகிறான், மகன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பையனை வளர்ப்பது லாயக்காரன் பர்ரிச். பையனுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'முறைதவறிப் பிறந்தவன்' என்று பொருள்படுகிற 'ஃபிட்ஸ்' என்று யாரோ கூப்பிட, அதுவே நிலைத்துவிடுகிறது. அவனை ராஜா ரகசியக் கொலையாளியாகப் பயிற்றுவிக்கிறார். அந்த ஃபிட்ஸ் வயதான பிறகு உட்கார்ந்து எழுதுவதுதான் மொத்தக் கதையும்.

அரண்மனை அரசியல் என்றால் சதி, விஷம், துரோகம்தானே? இதில் என்ன புதுசு?

விஷம் இருக்கிறது, சதியும் இருக்கிறது. ஆனால் ஹாப் காட்டும் அரசியல் அதற்கு ஒரு படி கீழே, சாப்பாட்டு மேஜைக்கடியில் தொடங்குகிறது, சும்மா சொல்லவில்லை. விருந்து முடிந்த கூடத்தில் நாய்க்குட்டியோடு சேர்ந்து மிச்சம் மீதியைத் தின்றுகொண்டிருக்கும் பையனை ராஜா ஷ்ரூட் பார்க்கிறார். கூடவே கடைசி இளவரசன் ரீகல் இருக்கிறான், அவனுக்கு இந்தப் பையனைக் கண்டாலே ஆகாது. ராஜா மகனுக்கு அங்கேயே பாடம் எடுக்கிறார்: இவனை நாம் சும்மா விட்டால் நாளைக்கு வேறொருவன் கையில் ஆயுதமாக நம் மேலேயே திரும்புவான், நாம் வைத்துக்கொண்டால் நம் ஆயுதம். அப்புறம் பையனிடம் திரும்பி, சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் தருகிறேன், பதிலுக்கு உன் விசுவாசம் எனக்கு என்று பேரம் பேசி, சிவப்புக் கல் வைத்த ஒரு வெள்ளி ஊசியை எடுத்து அவன் சட்டையில் குத்திவிடுகிறார்.

இதில் யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை. ராஜா பொய்கூடச் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி ஒரு குழந்தையிடம் சொல்லி விலை பேசுகிறார், குழந்தையும் சம்மதிக்கிறது, ஏனென்றால் அதுவரை அதனிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை. இந்தக் கணக்கைத்தான் ஹாப் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குத் தீர்க்க விடாமல் வைத்திருக்கிறார். யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அந்தக் கடனை எப்போது கேட்பார்கள், கேட்டால் மறுக்க முடியுமா. நான் படித்த அரண்மனைக் கதைகளில் பெரும்பாலானவை 'சிம்மாசனம் யாருக்கு' என்று கேட்கின்றன. இதில் ஃபிட்ஸுக்குச் சிம்மாசனம் கிடைக்க வழியே இல்லை என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது, கேள்வி அவனை யார் எவ்வளவு செலவழிக்கப் போகிறார்கள் என்பதுதான்.

அவனுக்குக் கொலைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் சேட் என்ற கிழவரும் அப்படித்தான். நடுராத்திரியில் ரகசியப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப்போய் விஷமும் வேவும் கற்றுத் தருகிறார், பையனுக்கு அவர்மேல் உயிர். ஒருநாள் ராஜாவின் அறையிலிருந்தே ஏதாவது ஒன்றைத் திருடி வா என்கிறார். பையன் மாட்டேன் என்கிறான். அன்றோடு கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். அது விசுவாசத்தைச் சோதிக்க ராஜாவே சொல்லி வைத்த பரீட்சை என்பது அப்புறம்தான் தெரிகிறது, பையன் அதற்குள் தனிமையில் வாடி வதங்கிப்போகிறான். சோதனையில் ஜெயித்தான் என்று யாருக்காவது சந்தோஷப்படத் தோன்றுமா?

பெரிய அரசியல் இல்லையா? வரி, போர், கூட்டணி?

நிறைய உண்டு. நாட்டின் நான்கு சிற்றரசுகள் கடலோரம், இரண்டு உள்நாட்டில். கடலோரத்தைச் சிவப்புக் கப்பல் கொள்ளையர்கள் சூறையாடுகிறார்கள். கப்பல் கட்ட வேண்டும், காவல் கோபுரம் எழுப்ப வேண்டும், அதற்கு வரி வேண்டும். கடலையே பார்க்காத உள்நாட்டுக்காரன், எவன் ஊரோ எரிகிறது, நான் ஏன் பணம் தர வேண்டும் என்கிறான். ரீகலின் தாய் அந்த உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த இரண்டாவது ராணி, ஆகவே அவனுடைய ஆதரவும் பணமும் அங்கிருந்துதான். ஷிவல்ரிக்கு அடுத்த இளவரசன் வெரிட்டிக்குக் கப்பல் வேண்டும், இளையவனுக்கு விருந்தும் நண்பர்களும் வேண்டும். கஜானா ஒன்றுதான்.

கொள்ளையர்கள் செய்கிற ஒரு காரியம் மட்டும் சொல்லிவிடுகிறேன், முதல் புத்தகத்தில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் அது. ஒரு கிராமத்தைப் பிடித்து ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். ராஜாவுக்குச் செய்தி வருகிறது: பொன் கொடுத்தால் கைதிகளைக் கொன்றுவிடுவோம், கொடுக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். யாருக்கும் புரியவில்லை, தப்பாக எழுதிவிட்டானோ என்று நினைக்கிறார்கள். பொன் கொடுக்கவில்லை. ஆட்கள் திரும்பி வருகிறார்கள், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாசம், வெட்கம், பயம், உறவு எதுவும் உள்ளே இல்லை. சொந்தப் பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்கிற மாதிரி ஆகிவிட்டார்கள். இப்போது ராஜா என்ன செய்வார்? சொந்தக் குடிமக்கள்மேல் படை அனுப்புவாரா? மருந்தில்லாத ஒரு நோயை எதிரி உங்கள் ஊருக்குள்ளேயே நடமாட விட்டிருக்கிறான், அதைச் சமாளிக்கத் தெரியாத ராஜாவின் மேல் மக்களுக்கு நம்பிக்கை மெல்ல மெல்லப் போகிறது.

மாயம் எப்படி? மந்திரக்கோல், நெருப்புப்பந்து உண்டா?

இல்லை. முக்கியமாக இரண்டு வகை, 'ஸ்கில்' ஒன்று, 'விட்' ஒன்று.

ஸ்கில் என்பது ஒரு மனம் இன்னொரு மனத்தைத் தொலைவிலிருந்து தொடுவது. பெரும்பாலும் ராஜவம்ச ரத்தத்தில் வருவது, அதனால் மரியாதைக்குரியது. செய்தி அனுப்பலாம், எதிரியின் மனத்தில் குழப்பத்தை விதைக்கலாம். வெரிட்டி கோபுர அறையில் ராப்பகலாக உட்கார்ந்து கடலில் வரும் கொள்ளைக் கப்பல்காரர்களின் புத்தியைத் திசைதிருப்புகிறான். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாமல், கண்முன்னே கரைந்துபோகிறான். ஸ்கிலில் ஒரு சுகம் இருக்கிறது, அதில் தன்னை மறந்தால் திரும்பி வர முடியாது, மனம் காலியாகிக் குழந்தை மாதிரி ஆகிவிடும். பயன்படுத்திய பிறகு மண்டை பிளக்கும் வலி, அதற்கு எல்ஃப்பார்க் என்று ஒரு மரப்பட்டைக் கஷாயம், அதைக் குடித்தால் வலி போய் மனச்சோர்வு வரும். எல்லாவற்றுக்கும் ஒரு பின்விளைவு, அதற்கும் ஒரு பின்விளைவு.

விட் என்பது விலங்குகளோடு வரும் பிணைப்பு. நாய், ஓநாய், பருந்து எதுவானாலும் அதன் மூக்கால் முகர்ந்து அதன் கண்ணால் பார்க்கலாம், பேசலாம். இதற்கு மரியாதை கிடையாது. விட் உள்ளவன் என்று தெரிந்தால் தூக்கிலிட்டு, துண்டாக்கி எரித்துவிடுவார்கள். ஃபிட்ஸுக்கு இரண்டும் இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து வந்த பெருமை, சரியாகச் சொல்லித்தர ஆளில்லை. இன்னொன்று இயல்பாக வருவது, வெளியே தெரிந்தால் உயிர் போய்விடும். அவனை நேசித்து வளர்க்கிற பர்ரிச்சே விட்டை அருவருக்கிறான், அடித்தாவது அதை மறக்கச் செய்யப் பார்க்கிறான். தன் பாலின ஈர்ப்பை வீட்டில் மறைத்து வாழ வேண்டியிருந்த வாசகர்கள் பலர் இந்தப் பகுதியில் தங்கள் கதையைப் பார்த்தார்கள். அப்படி வாசிப்பதற்கு நாவலே முழு இடம் கொடுக்கிறது என்பது என் கட்சி.

மாயமும் அரசியலும் தனித்தனியாக ஓடுகின்றனவா?

எனக்கு ஹாப் பிடிப்பதற்கு முதல் காரணமே அவை பிரிக்க முடியாமல் இருப்பதுதான். ஸ்கிலை யாருக்குக் கற்றுத்தருவது என்று முடிவு செய்கிறவன் கையில்தான் நாட்டின் தகவல் தொடர்பு இருக்கிறது. கற்றுத்தரும் ஆசான் கேலன் ஒரு குரூரன், ஒரு தரப்புக்காரன், ஃபிட்ஸை அடித்து அவமானப்படுத்துகிறான். அவனிடம் படித்து வந்தவர்களின் விசுவாசம் யாரிடம் இருக்கும்? அரசன் அவர்கள் வழியாகத்தான் தூரத்துச் செய்தியைக் கேட்க வேண்டும். ஒரு கிராமத்திலிருந்து உதவி கேட்டு வந்த செய்தி ராஜா காதுக்குப் போகாமலே நடுவில் நின்றுவிட முடியும். சில ராஜ்யங்கள் படையெடுப்பால் விழும், இந்த ராஜ்யத்துக்கு மனம் தொடும் வித்தையை யார் கையில் கொடுத்தோம் என்ற நிர்வாகக் கேள்வியே போதும்.

பெயர்களெல்லாம் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன?

ராஜவம்சத்தில் பிள்ளைக்கு ஒரு குணத்தைப் பெயராக வைப்பார்கள், அந்தக் குணம் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. ஷ்ரூட் சூட்சுமக்காரர், வெரிட்டி உண்மை, பேஷன்ஸ் பொறுமை. ஷிவல்ரியின் மனைவியான இந்தப் பேஷன்ஸ் அம்மாள் பத்து நிமிஷம் ஒரு வேலையில் உட்கார மாட்டாள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் படித்தவர்களுக்குப் பிடிக்குமா?

பிடிக்கலாம். 'அஸாஸின்ஸ் அப்ரென்டிஸ்' 1995, 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996, ஆகவே இது அதைப் பார்த்து எழுதியதா என்று யாரும் கேட்க வேண்டாம். மார்ட்டினிடம் ஒரே போரைப் பல தலைகளுக்குள்ளிருந்து பார்க்கலாம், எதிரியின் நியாயமும் தெரியும். இங்கே ஒரே ஒரு பையனின் கண். அவனுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாது. பெரிய முடிவுகள் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கின்றன, அவன் லாயத்திலோ சமையற்கட்டிலோ இருக்கிறான், மறுநாள் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறான். வேகமும் போர்க்களமும் எதிர்பார்த்துப் போனால் சலிப்பு வரும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வரிசையில் படிப்பது?

வெளியான வரிசையில். அவ்வளவுதான். ஃபிட்ஸின் கதை நடக்கும் எல்டர்லிங்ஸ் உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள், ஐந்து தொகுப்புகள். ஃபார்சீர் மூன்று (1995–97), லைவ்ஷிப் ட்ரேடர்ஸ் மூன்று (1998–2000), டானி மேன் மூன்று (2001–03), ரெய்ன் வைல்ட் நான்கு (2009–13), ஃபிட்ஸ் அண்ட் த ஃபூல் மூன்று (2014–17).

ஃபிட்ஸ் இல்லாத லைவ்ஷிப்பைத் தாண்டி டானி மேனுக்குப் போகலாமா என்று எல்லாருமே கேட்கிறார்கள். போகாதீர்கள். ஃபிட்ஸை 15 வருஷம் கழித்துச் சந்திக்கும் டானி மேன், லைவ்ஷிப்பின் முடிவைப் போகிறபோக்கில் சொல்லிவிடும், அப்புறம் திரும்பிப் போய்ப் படிக்க மனசு வராது. ரெய்ன் வைல்ட் நான்கும் எனக்குச் சற்று நீர்த்துப்போனவையாகப் பட்டன, டிராகன்கள் பிடிக்கும் என்றால் உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். ஆனால் கடைசித் தொகுப்புக்கு அவை வேண்டும்.

லைவ்ஷிப்பில் ராஜாவே இல்லையாமே, அரசியல் இருக்குமா?

ஃபார்சீரைவிட அதிகம். பிங்டவுன் என்ற துறைமுக ஊர், வணிகக் குடும்பங்கள் நடத்துவது, தூரத்தில் ஒரு மேலதிகாரம் இருந்துகொண்டு சாசனத்தை மீறிச் சலுகைகளை விற்கிறது. அடிமைகளோடு வந்து குடியேறும் புதுப் பணக்காரர்கள் பழைய குடும்பங்களை நசுக்குகிறார்கள். மந்திர மரத்தால் கட்டிய கப்பல்கள் அங்கே உண்டு, ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தத் தளத்தின் மேலேயே உயிர் விட்டால் கப்பலுக்கு உயிர் வரும், பேசும். அப்படி ஒரு கப்பலுக்கு உயிர் வருகிற நேரம் பார்த்து, அதிலேயே வளர்ந்த மகளுக்கு இல்லாமல் மருமகன் கைக்கு அது போகிறது. தலைமுறைக் கடன் இன்னும் அடையவில்லை, வட்டி ஏறுகிறது, அடிமை வியாபாரத்தில் இறங்கினால் சமாளிக்கலாம் என்கிறான் மருமகன். பேசும் கப்பலுக்கு அடியில் அடிமைகளைச் சங்கிலி போட்டு அடைத்தால் அந்தக் கப்பலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஹாப் எழுதியதிலேயே சிறந்தது இந்த மூன்றுதான் என்று நான் சண்டை போடத் தயார்.

குறையே இல்லையா?

இல்லாமலா! ரீகல் ரொம்ப மெல்லிய வில்லன். உடை, மது, பொறாமை, அதைத் தாண்டி பெரிதாக எதுவும் தெரிவதில்லை. கதை சொல்கிறவனே அவனை வெறுக்கிறவன், அதனால் நியாயமான சித்திரம் கிடைக்காது என்று ஒரு சமாதானம் உண்டு, அதைப் பாதி ஏற்கிறேன். மூன்றாவது புத்தகம், 'அஸாஸின்ஸ் குவெஸ்ட்', நடுவில் நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் ஃபிட்ஸ். எதிரே நிற்கிறவர் சொல்ல வருவது நமக்குப் புரிந்து நூறு பக்கம் ஆகியிருக்கும், அவனுக்குப் புரிந்திருக்காது. மோலியோடு அவன் காதல் நடத்துகிற லட்சணத்தைப் பார்த்தால் புத்தகத்துக்குள் கைவிட்டு ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

'ஃபூல்' என்ற அரசவைக் கோமாளி ஆணா, பெண்ணா?

ஹாப் பதில் சொல்லவில்லை. வெவ்வேறு இடங்களில் அந்தப் பாத்திரம் வெவ்வேறு விதமாக வாழ்கிறது, ஃபிட்ஸ் கேட்டுத் துளைக்கும்போதெல்லாம் கேள்வியே அற்பமானது என்கிற மாதிரி நழுவிவிடுகிறது. வாசகர்கள் ஆளுக்கொரு முடிவு வைத்திருக்கிறார்கள், ஒருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கதாநாயகன் சிறுவன் என்பதால் சிறுவர் நாவல் என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தையை அடிப்பது, சித்திரவதை, வளர்ப்பு விலங்குகளின் சாவு எல்லாம் உண்டு. லைவ்ஷிப்பில் பாலியல் வன்முறையும் வருகிறது. பதினைந்து பதினாறு வயதுக்கு மேல், அதுவும் பெரியவர் ஒருவர் முதலில் படித்துப் பார்த்துவிட்டு. நாய் சாகிற கதையே வேண்டாம் என்பவர்கள் முதல் நூறு பக்கத்திலேயே ஜாக்கிரதை.

காமிக்ஸ் இருக்கிறதா?

இருக்கிறது. டார்க் ஹார்ஸ் நிறுவனம் முதல் நாவலை 2022 இறுதியிலிருந்து காமிக்ஸாக வெளியிட்டது, ஹாப்போடு ஜோடி ஹௌசர் எழுத, ரயன் கெல்லி வரைந்தது. நாவலுக்கு முன்னால் அதைப் படிப்பதை நான் சொல்ல மாட்டேன். ஃபிட்ஸின் தலைக்குள் ஓடுவதில் பாதி படத்தில் வராது.

'சோல்ஜர் சன்' என்று மூன்று புத்தகங்கள் கண்ணில் பட்டன, அவை எங்கே பொருந்தும்?

எங்கேயும் பொருந்தாது, அது வேறு உலகம் (2005–07). இரண்டாவது மகன் கட்டாயம் சிப்பாயாக வேண்டும் என்கிற ஒரு சமூகம், காட்டை வெட்டிச் சாலை போட்டு முன்னேறும் அரசு, அந்தக் காட்டு மக்களின் மாயம் ஒரு ராணுவப் பள்ளி மாணவனைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மாயம் உடலில் கொழுப்பாகச் சேர்கிறது, பையன் பெருத்துக்கொண்டே போகிறான், அழகும் கட்டுக்கோப்பும்தான் மரியாதை என்று வளர்ந்தவனுக்கு அது எப்படியிருக்கும்? யோசனை அபாரம், படிக்கப் பொறுமை வேண்டும். பலர் நடுவில் கைவிட்டார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் புத்தகம் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. தொடரவா, விடவா?

தொடக்கம் மெதுவானது, ஒப்புக்கொள்கிறேன். சேட் நடுராத்திரி படிக்கட்டில் வருகிற வரைக்குமாவது போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் மலைராஜ்யத்தில் நடக்கும் கடைசிப் பகுதி வரை இழுத்துப் பிடிக்கலாம், அங்கே அரண்மனைக் கதை ஒன்று முழு வேகத்தில் நடக்கிறது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் ஃபிட்ஸ் உங்களுக்கான ஆள் இல்லை, லைவ்ஷிப்பின் முதல் புத்தகமான 'ஷிப் ஆஃப் மேஜிக்'கை எடுங்கள், அது தனியாகவே நிற்கும்.